ஆறாவது கம்பு

கூகைக்குக் கம்பு நட்டவள் என்று ஊரில் என்னைச் சொல்லுவார்கள். ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? நட்டது நான் இல்லை. நட்டவன் என் தம்பி இளையதம்பி. அதில் ஒன்றைப் பிடுங்கியதுதான் நான். அதை இந்த ஊரில் ஒரு சீவனுக்கும் நான் சொன்னதில்லை. போன கிழமைதான் முதல்முதலாக ஒருவரிடம் வாய் திறந்தேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். படுவான்கரை. எதிரே எழுவான்கரையில் அரசாங்கம், இந்தக் கரையில் இயக்கம், நடுவில் தண்ணீர். தொண்ணூற்றாறில் அக்கரையிலிருந்து ஒரு சாமானைக் கொண்டுவருவதென்றால் துறையடிச் சென்றியில் ஆமிக்காரனுக்கு முன்னால் அவிழ்த்துக் கொட்டிக் காட்ட வேண்டும். யூரியா விட மாட்டார்கள். டோச்சுக்குப் பற்றரி விட மாட்டார்கள். எலிப் பாஷாணமும் விட மாட்டார்கள். எலிக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அது இரண்டு கரையிலும் தின்றது.

அம்மா போனபோது தம்பிக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முந்தியே போய்விட்டார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "இந்தப் பொடியனையும் சேத்துக் கூட்டிப் போவீங்களா?" என்று கேட்பேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்த வழியே போய்விடுவார்கள். போகட்டும். அவனை வளர்த்து ஆளாக்கினேன். ஆளாக்கிய பிறகுதான் பயம் தொடங்கியது. இருபத்து நாலு வயதுப் பிள்ளையை அந்த நாளில் வீட்டில் வைத்திருப்பது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். ஒரு பக்கம் வா என்று கூப்பிடும், மற்றப் பக்கம் போனாயா என்று கேட்கும். காணி போனால் போகட்டும், நெல் போனால் போகட்டும், அவன் உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் நான் கண்ணகையம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றும் கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் வந்தார் வினாயகமூர்த்தி ஐயா. செட்டிபாளையத்து ஆள், விவசாயப் போதனாசிரியர். சைக்கிளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு, நனைந்த சப்பாத்தோடு, ஒரு பைலை நெஞ்சில் அணைத்தபடி வந்து வாசிகசாலையில் எங்களைக் கூட்டினார்.

"மருந்து ஒண்டும் கொண்டுவர விடுறாங்க இல்ல. மருந்தில்லாம எலியக் குறைக்க ஒரு வழி இரிக்கி. ஆராவது ஒராள் வயலைத் தந்தா ஒரு போகம் பரீட்சிச்சுப் பாக்கலாம்" என்றார்.

வழி என்னவென்றால், வரப்போரமாக ஆளுக்கு மேலே உயரமான கம்புகளை நட்டு, தலைப்பில் குறுக்குத் தடி கட்டிவிட வேண்டுமாம். பொழுது பட்டு இருள்கிற மம்மல் நேரத்தில் கூகை வந்து குந்துமாம். குந்தியிருந்து எலியைப் பிடித்துத் தின்னுமாம். அவ்வளவுதான். செலவில்லை, நஞ்சில்லை, மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடில்லை என்று படித்துப் படித்துச் சொன்னார்.

வட்டை விதானை அழகரத்தினம்தான் எழும்பினார். எங்கள் வட்டையில் யார் எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது விதைப்பது என்று சொல்லுகிறவர் அவர்.

"ஐயா, நாங்க சாக்குருவி கத்தினாக் கொள்ளியெடுத்துக் கலைக்கிற ஆக்கள். நீங்க அதுக்குக் கதிரை போட்டு, வா வந்து குந்து எண்டு கூப்பிடுங்க எண்டு செல்றீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூகை கத்தினால் அடுப்பில் ஒரு பிடி உப்பைப் போட்டு, மூன்று தரம் காறித் துப்பி, "உன்ர வீட்டுல போய்க் கத்து" என்று சொல்லுவது எங்கள் வழக்கம். அதை வயலுக்குள் கூப்பிடுவதா? சிரிப்பு அடங்கியபோது என் தம்பி எழுந்து நின்றான்.

"எங்கட வயலில நடுங்க ஐயா."

வீட்டுக்கு வந்ததும் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. "நாசமறுவானே, ஊருல ஒருத்தருக்கும் இல்லாத புத்தி உனக்கு எங்கயிருந்துடா வந்த?" என்று அகப்பையைத் தூக்கி எறிந்தேன். அவன் அதைப் பிடித்து, கழுவி, திரும்பக் கையில் தந்தான். "அக்கா, ரெண்டு போகம் எலி திண்டிட்டு. மூணாவதும் திண்டா நாம என்னத்தத் திங்கிற? எலியையா?" என்றான்.

ஆறு கம்பு நட்டான். எங்கள் வளவின் பின்வேலியில் ஆள் போகிற கடப்பில் தொடங்குகிறது வரம்பு. நேரே போய், ஒரு மருத மரத்தடியில் திரும்பி, தம்பி பன்றிக்கு இராக்காவல் கிடக்கிற ஓலைக் குடிலுக்கு, வாடிக்குப் போகும். அந்த வரம்போரமாக ஐந்து கம்பு. ஆறாவது, மருத மரத்து மூலையில். கடப்பில் நின்று பார்த்தால் ஆறும் தெரியும். குறுக்குத் தடி கட்டி முடிந்ததும் விதானை வந்து பார்த்துவிட்டு, "வயலுக்குள்ள சவக்காலை கட்டி வெச்சிரிக்கான் பொடியன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கும் அவை கம்பாகத் தெரியவில்லை, கல்லறைச் சிலுவையாகத்தான் தெரிந்தன.

எட்டாம் நாள் மம்மலில் வந்தன. சத்தமே இல்லை. வௌவால் பறந்தாலே ஒரு படபடப்புக் கேட்கும், இவை வந்தது காதுக்குத் தெரியவே இல்லை. வெறும் கம்பாக இருந்தது, கண்ணை மூடித் திறந்தால் ஒன்று குந்தியிருந்தது. வெள்ளையடித்த அரசிலை போல ஒரு முகம். அதில் இரண்டு கறுப்புக் கண். மற்றக் கம்பைப் பார்த்தேன், அதிலும் ஒன்று. ஆறு கம்பிலும் ஆறு. ஆறும் வயலைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டு மூன்றுதான் வரும் என்று போதனாசிரியரே எண்ணியிருந்தாராம். ஆறும் வந்ததைக் கேட்டு அவர் சந்தோசப்பட்டார். தம்பி அதற்கொரு காரணம் சொன்னான். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஆட்கள் ஓடிப்போய்த் திரும்பி வராத வீடுகள் ஊரில் இருந்தன. அந்தக் கூரைகளுக்குள்தான் கூகைகள் குடியிருந்தன என்றான். பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை விரல் மடித்து எண்ணி எனக்குச் சொன்னாள்.

"ஆறு வீடு, அன்னம். ஆறு கம்பு. ஆறு குருவி. குருவியா அது? அந்த வீட்டு ஆக்கள்தான் வந்து குந்தி இரிக்காங்க."

"உன்ர வாயில புத்துமண்ணைப் போட" என்று ஏசினேன். ஆனாலும் அன்று உப்பு இரண்டு பிடி போட்டேன்.

கம்பின் கீழே கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும், மயிரும் எலும்புமாக. தம்பி காலையில் பொறுக்கிவந்து, தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்கினால் பிரித்து, எலி மண்டைகளை எடுத்து ஜாம் போத்தலில் போட்டு வைப்பான். போதனாசிரியர் கேட்டிருந்தாராம். சுண்டுவிரல் நகமளவு மண்டைகள், பல்லுக்கூட உதிரவில்லை. சாமிப் படத்துக்குக் கீழே அந்தப் போத்தல் இருக்கும். நான் விளக்கு வைக்கும்போதெல்லாம் அவை என்னைப் பார்த்து இளிக்கும். மார்கழி பிறக்கிறபோது போத்தல் கழுத்துவரை நிரம்பிவிட்டது. இரண்டு போகத்துக்குப் பிறகு எங்கள் வயலில் கதிர் கருக்கட்டிய குடலைப் பயிர் எலி வெட்டாமல் நின்றது. பச்சை அப்படியொரு பச்சை. அதைப் பார்த்துச் சந்தோசப்பட எனக்கு விதி இருக்கவில்லை.

ஏனென்றால் ஊரில் சாவு விழத் தொடங்கியது. முதலில் தபால்காரரின் தகப்பன், காய்ச்சலில். பிறகு கோயிலடியில் ஒரு குழந்தை, பாம்பு தீண்டி. பிறகு சீதேவிப்பிள்ளையின் மருமகன், வெல்லாவெளிச் சந்தையிலிருந்து வரும்போது ஷெல் விழுந்து. நாற்பது நாளுக்குள் மூன்று. மூன்று தரமும் முதல்நாள் மம்மலில் எங்கள் வயலில் கூகை கத்தியது. தண்ணீருக்கு வந்த பெண்கள் எங்கள் கிணற்றை விட்டுவிட்டார்கள். என்னைக் கண்டால் முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டார்கள்.

"காகம் குந்தப் பனம்பழம் விழுந்த கதை அக்கா. கிழவருக்கு எண்பது வயசு. ஷெல்லைக் கூகையா அடிச்ச?" என்றான் தம்பி.

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் சீதேவிப்பிள்ளை மகளைக் கட்டிப்பிடித்துக் குழறிய குழறலைக் கேட்டவளுக்கு நியாயம் எங்கே ஏறும்? நான் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு மம்மலும் கடப்பில் நின்று எது கத்துகிறது என்று பார்த்தேன். ஐந்து கத்துவதே இல்லை. கத்துவது ஆறாவது கம்பில் இருப்பதுதான். அதுவும் என் தம்பி சோற்றுப் பார்சலோடு வாடிக்குப் போகையில், மருத மரத்து மூலையில் அவன் திரும்புகிறபோதுதான் கத்தும். புதுச் சீலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவன் அண்ணாந்து பார்த்து, "என்ன மச்சான், திண்டிட்டியா?" என்று அதோடு கதைத்துவிட்டுப் போவான்.

அந்த நாட்களில்தான் அவனுடைய கணக்கும் எனக்குத் தெரிய வந்தது. ஒருநாள் பார்சலை எடுத்துக்கொண்டு கடப்புக்குப் போனவன் நின்றுவிட்டான். அப்படியே திரும்பி வந்து பார்சலை அடுப்படியில் வைத்தான்.

"இண்டைக்கு வாடிக்குப் போகேல்ல."

"ஏன்டா? பண்டி இறங்கினா?"

"அஞ்சுதான் இரிக்கி. ஆறாவது வரேல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஆள் இருந்தா அது வராது அக்கா. நடந்து போற ஆளுக்குப் பயப்படாது. பதுங்கிக் கிடக்கிற ஆளுக்கிட்ட வராது. மூலையில ஆரோ கிடக்காங்க."

"கூகையிட்டச் சாத்திரம் கேக்கிற அளவுக்கு வந்திட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். விடியப்போகிற வெள்ளாப்பில் இருவருமாகப் போய்ப் பார்த்தோம். மருத மரத்தடியில் பயிர் பாய் விரித்த மாதிரி அமுங்கிக் கிடந்தது. நாலைந்து பேர் கிடந்த இடம். சப்பாத்துத் தடம், திறந்து தின்ற ஒரு மீன் ரின். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். துவக்கோடு பதுங்கியிருந்தவர்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தம்பி காலால் பயிரை நிமிர்த்திவிட்டான். "வெளிய ஒருத்தருக்கும் செல்லாத. தெரிஞ்சா ரெண்டு பக்கமும் கம்பைப் பிடுங்கிருவாங்க" என்றான். தை பிறக்கும் முன்னம் இன்னொரு தரமும் அப்படி நடந்தது. அன்றும் அவன் போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மம்மலும் கடப்பில் நின்று ஆறும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போவான். ஆறு இருந்தால் போவான், ஐந்து இருந்தால் போக மாட்டான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் அதைச் செய்தேன். ஏன் செய்தாய் என்றால், மூன்று மம்மல் தொடர்ந்து, அவன் வாடிக்குப் போன கையோடு, அந்த ஆறாவது கூகை எங்கள் கூரை முகட்டில் வந்து குந்திக் கத்தியது. மூன்றாம் நாள் வெல்லாவெளியில் சாத்திரியிடம் போனேன். தையில் உன் தம்பிக்குக் கண்டம் என்றான். எனக்கு வேறென்ன வேண்டும்? கத்துகிறது அந்த ஒன்றுதான், அதன் கம்பை மட்டும் எடுத்தால் அது போய்விடும், மற்ற ஐந்தும் எலிக்குப் போதும், அவன் பார்க்கிற சகுனத்துக்கும் போதும் என்று நானே எனக்குள் கணக்குப் போட்டேன். விசர்க் கணக்கு. கத்துவதுதான் சாவு என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்தவள் நான். கத்தாமல் வருவதும் சாவுதான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தை நாலாம் நாள். போதனாசிரியரிடம் போத்தலைக் கொடுக்க அவன் துறையடிக்குப் போயிருந்தான். மத்தியானம் நான் மண்வெட்டியோடு போய் ஆறாவது கம்பைத் தோண்டி எடுத்தேன். இழுத்து வந்து, கோடாலியால் கொத்தி, விறகாக்கி அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்த கம்பு, புகையே இல்லாமல் எரிந்தது. அதில்தான் அவனுக்குச் சோறு காய்ச்சினேன். சுங்கான் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன், அவனுக்குப் பிடிக்கும் என்று.

தோணி பிந்தியதால் அவன் வரும்போதே மம்மலாகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. முதல்நாள் பன்றி இறங்கியிருந்ததால் வாடிக்குப் போகிற அவசரம் அவனுக்கு. கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தான்.

"அக்கா, ஆறும் வந்திட்டா பாரு."

கடப்பில் போய் நின்றேன். ஐந்து கம்பு, ஐந்து கூகை. ஒன்றுகூட என் பக்கம் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்தடவையாக, ஐந்தும் கழுத்தைத் திருப்பி மருத மரத்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மூலையில் ஒன்றும் இல்லை. மழையிருட்டுத்தான் இருந்தது.

ஐந்து என்று சொன்னால் போக மாட்டான். ஆனால் வந்து பார்ப்பான். பார்த்தால் கம்பு இல்லாதது தெரிந்துவிடும். ஏசுவான் என்று பயந்தேன். பாருங்கள், என் தம்பி ஏசுவான் என்றுதான் பயந்தேன்.

"ஓம்டா, ஆறும் இரிக்கி."

"கத்தேல்லையே?"

"கத்தாட்டி நல்லந்தானே? கெதியாப் போ, சோறு ஆறப் போகிது."

அவன் சிரித்தான். பார்சலை வாங்கி மோந்து பார்த்து, "சுங்கானா?" என்றான். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினான். அவனுக்கு என் சொல்லில் அவ்வளவு நம்பிக்கை. தலையைக்கூட நிமிர்த்திப் பார்க்கவில்லை, மழைக்குக் குனிந்தபடி நடந்தான். ஒன்று, இரண்டு என்று கம்புகளைக் கடந்தான். மருத மரத்து மூலையில் நின்றதைக் கண்டேன். நின்று, கீழே பார்த்தான். அப்போது ஐந்து கூகையும் ஒரேயடியாக எழும்பின. சத்தமில்லை. என் தலைக்கு மேலால் பறந்து ஊருக்குள் போயின. நான் குனிந்து நிமிர்வதற்குள் மூலையில் ஆள் இல்லை.

வெடிச்சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்ட குரலும் கேட்கவில்லை. மூலையில் திரும்பி வாடிக்குப் போயிருப்பான் என்று என்னை நானே தேற்றினேன். வெள்ளாப்பில் ஓடிப் பார்த்தபோது வாடியில் பாய் சுருட்டியபடி இருந்தது.

மூலையில் பயிர் அமுங்கிக் கிடந்தது. வரப்பில் பார்சல் கிடந்தது, கட்டு அவிழவில்லை. கம்பு நின்ற குழியில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. அவனுடைய காலடி நேரே அந்தக் குழிவரைக்கும் வந்து நின்றிருந்தது. விளிம்பில் இரண்டு பாதமும் சேர்ந்து, ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்கு அங்கால் அவன் தடம் இல்லை.

குழியைக் கண்டிருக்கிறான். கம்பு இல்லை, அப்படியென்றால் அக்கா சொன்னது பொய் என்று அவனுக்கு விளங்கியிருக்கும். கடைசியாக அவன் நினைத்தது அதுதானே? இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது எனக்கு அதுதான் வருகிறது. துக்கம்கூட இல்லை, வெட்கம்.

இரண்டு கரையிலும் ஏறி இறங்கினேன். இங்கே கேட்டால் எங்களுக்குத் தெரியாது அக்கா என்றார்கள். அக்கரையில் கேட்டால் பெயரை எழுதிக்கொண்டு போகச் சொன்னார்கள். மட்டக்களப்புக்குப் போய்ப் படத்தைக் காட்டி எத்தனை வாசலில் நின்றேன் என்று எனக்கே கணக்கில்லை. ஊரில் என்ன சொன்னார்கள்? கத்தினது பலித்துவிட்டது என்றார்கள். கம்புகளைக் கொளுத்த வந்தார்கள். நான் கத்தியோடு வரப்பில் நின்றேன். "என்ர தம்பி நட்ட கம்பு. தொட்டவன்ர கை தோளில நிக்காது" என்றேன். விதானை தலையைக் குனிந்துகொண்டு எல்லாரையும் கூட்டிப் போய்விட்டார்.

மாசியில் வெட்டினோம். அந்த வட்டையிலே எலி தின்னாமல் விளைந்தது எங்கள் வயல் ஒன்றுதான்.

வெட்டு முடிந்ததும் நான் ஒரு மருதங்கொம்பு வெட்டி, குறுக்குத் தடி கட்டி, அதே குழியில் நட்டேன். பழையபடி ஆறு கம்பு. மம்மலில் ஐந்து கூகை வந்தன. ஆறாவது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. ஐந்து கம்புக்கு ஆறேழு கூகை வந்து இடத்துக்குச் சண்டை போட்ட நாளும் உண்டு. அப்போதும் ஒன்றாவது அதில் போய்க் குந்தியதில்லை. காகம்கூடக் குந்துவதில்லை. அந்தக் குறுக்குத் தடியில் ஒரு எச்சத்தின் வெள்ளைப் புள்ளி கிடையாது.

போன கிழமை வினாயகமூர்த்தி ஐயா வந்தார். சமாதானம் வந்து பாதை திறந்ததால் தோணியில்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்தார். தலை நரைத்துவிட்டது. கையில் அதே மாதிரி ஒரு பைல். ஆறு வருடத்துக்குப் பிறகும் கம்புகள் நிற்கின்றன என்று கேட்டு அவருக்கு நம்ப முடியவில்லையாம். இப்போது மற்ற ஊர்களிலும் இதைச் செய்யப் போகிறார்களாம், முதலில் பரீட்சித்த வயலைப் பற்றி எழுத வேண்டுமாம். தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மம்மலில் கடப்புக்குக் கூட்டிப்போனேன். ஐந்தும் வந்து குந்தின. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வரப்பில் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். மூலைக்குப் போனதும் நின்றார்.

"இந்த இடம் சரியில்ல அக்கா. மரம் மறைக்கிதோ தெரியா. இருபது யார் தூரம் அங்கால மாத்தி நட்டாக் கூகை வரும்" என்று சொல்லிக் கம்பில் கையை வைத்தார்.

"கையை எடுங்க."

நான் போட்ட சத்தத்தில் அவருடைய பைல் சேற்றில் விழுந்தது. பாவம், அவர் என்ன செய்வார்?

"முந்தி இதுலதானே முதல் வந்து குந்தின எண்டு தம்பி செல்லியிருந்தார்?" என்றார் மெதுவாக. "இப்ப ஏன் வரேல்ல?"

அப்போதுதான் சொன்னேன். சாத்திரி சொன்னதையும் சொன்னேன், கோடாலியையும் சொன்னேன், அந்த விறகில் காய்ச்சிய சோற்றையும் சொன்னேன், ஆறும் இருக்கிறது என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். தம்பி எனக்குச் சொல்லித்தந்த கணக்கையும் சொன்னேன். ஆள் இருந்தால் அது வராது. நடந்து போகிற ஆளுக்குப் பயப்படாது, பதுங்கியிருக்கிற ஆளிடம் வராது.

அவர் கம்பிலிருந்து கையை எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். மருத மரத்தடியில் பயிர் அசையாமல் நின்றது. அவர் இரண்டடி பின்னுக்குப் போய், நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிட்டவர் மாதிரிக் காலைப் பார்த்துக்கொண்டார். பைலை எடுத்துத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப ஆறாவதுக்கு நான் என்னண்டு எழுத அக்கா?"

"ஆள் இரிக்கி எண்டு எழுதுங்க."

எழுதினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் சொல்லுகிறார்கள், சாவுச் சடங்கைச் செய், எட்டுச் செலவு செய், முப்பத்தொன்று செய், அவன் ஆத்துமா அலையக் கூடாது என்று. மரணச் சான்றிதழ் எடுத்தால் ஏதோ உதவி தருவார்களாம். நான் ஒண்ணாது, செய்ய மாட்டேன் என்றுவிட்டேன். அந்தக் கம்பு வெறுமையாக இருக்கும் மட்டும் என் தம்பி இருக்கிறான். என்றைக்கு அதில் ஒரு கூகை வந்து குந்துகிறதோ அன்றைக்கு நான் தலைமயிரை விரித்துப் போட்டுக் குழறுவேன். அதுவரைக்கும் ஒவ்வொரு மம்மலும் கடப்புக்குப் போய்ப் பயந்து பயந்து எண்ணுகிறேன்.

இன்றைக்கும் ஐந்துதான். அவனுடைய சோற்றுப் பார்சலைக் கட்டி எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.